பிச்சைமுத்துவின் செர்காம் பங்களா

பிச்சைமுத்துவுக்கு நீல அடையாள அட்டை கிடைத்தது 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. மலாயாவில் பிறந்து, இங்கேயே வளர்ந்து, ஒருநாள்கூட நாட்டைவிட்டு வெளியே போகாத மனிதர் குடிமகனாவதற்கு அத்தனை காலம் ஆயிற்று. அட்டையை வாங்கிய மறுநாளே மெர்லிமாவிலிருந்து பேருந்து ஏறிப் பாயா ரும்புட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். அட்டையை மேசைமேல் வைத்தார். நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டது ஒன்றே.

"இப்ப பங்களாவ என் பேருக்கு மாத்திக்கலாம்தானே ஐயா?"

மூத்த மகன் கையெழுத்துப் போட்டால் மாற்றலாம் என்றேன்.

"போடாம என்ன? பேருக்குத்தானே அது அவன் பேர்ல கெடக்கு."

முதலில் தன் பெயருக்கு மாற்றுவது, பிறகு தன் பிள்ளைகள் மூவருக்கும் சமபங்காக எழுதிவைப்பது என்பது அவருடைய திட்டம். இறப்பதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்றார். நேராக மூவர் பெயருக்குமே மாற்றிவிடலாமே, இடையில் உங்கள் பெயர் எதற்கு, செலவுதானே என்று கேட்டேன். ஒரு மாதமாவது தம் பெயரில் இருக்க வேண்டும் என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

பிச்சைமுத்துவை எனக்குத் தோட்டத்தில் வேலைபார்த்த காலத்திலிருந்தே தெரியும். அவர் லாரி ஓட்டுநர். நான் அலுவலகத்தில் கணக்கும் படிவமும் எழுதும் கிராணி. மெர்லிமாவுக்கு அருகே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் 1947இல் பிறந்தவர் அவர். பிள்ளை பிறந்ததைப் பதிய அவருடைய தகப்பனாருக்குப் பால்வெட்டுக்கு இடையில் அரைநாள் கிடைக்கவில்லை. பிறகு அது மறந்தே போயிற்று. அந்த அரைநாளுக்குப் பலன் சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாகத் தங்கலாம், உழைக்கலாம். ஆனால் வாக்களிக்க முடியாது. நிலம் வாங்குவதென்றால் அரசின் தனி அனுமதி வேண்டும். அவர் மனைவி மீனம்மாவின் அட்டையும் சிவப்புத்தான். பிள்ளைகள் மூவருக்கு மட்டும் நீலம்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தோட்டத்துத் துரையின் குடும்பம் தஞ்சோங் கிளிங் பக்கம் கம்பெனி வைத்திருந்த கடலோரப் பங்களாவுக்கு ஓய்வெடுக்கப் போகும். மெத்தைகள், மின்விசிறிகள், ஐஸ் பெட்டி, நாய்க்கூண்டு ஆகியவற்றை லாரியில் ஏற்றிச்சென்று இறக்குவது பிச்சைமுத்துவின் பொறுப்பு. இறக்கிய பிறகு அவருக்கு உள்ளே வேலை இல்லை. திரும்ப ஏற்றும் நாள்வரை, மூன்று நாளானாலும் நான்கு நாளானாலும், வெளியே லாரியில் படுத்திருப்பார். அங்கே அவர் கண்டது சமையற்காரர்களும் கண்ணாடிக் கோப்பைகளும் மட்டுமல்ல. வேலைநாளில் ஒரு குடும்பம் முழுவதும் எதுவும் செய்யாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்டார். லயத்து மனிதர்கள் ஒழுகாத கூரைக்கு ஆசைப்பட்டார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு ஆசைப்பட்டார்கள். இவர் சும்மா இருப்பதற்கென்றே ஒரு வீட்டுக்கு ஆசைப்பட்டார். அந்த ஆசையை ஒருநாள் கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டார். அன்றுமுதல் அவர் லாரியை விட்டு இறங்கும்போதெல்லாம், "பிச்ச தொரை வர்றாரு, நாய்க்கூண்ட எறக்குங்கடா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஐம்பது வயதில், 1997இல், சேமநிதிப் பணத்தின் ஒரு பகுதியை எடுத்தார். செர்காமில் கடைவைத்திருந்த சீனர் ஒருவர் ஜொகூருக்குக் குடிபெயர்ந்தபோது, கடலுக்கு இருநூறு அடி தள்ளி அவருக்கிருந்த கால் ஏக்கர் நிலம் விலைக்கு வந்தது. மூத்த மகள் விஜயராணி அப்போது தொழிற்சாலையில் மூன்றாண்டுகளாக இரவு வேலை பார்த்துவந்தாள்; அவளுடைய சேமிப்பும் அதில் சேர்ந்தது. ஜாசினில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரம் எழுதினோம். பிச்சைமுத்து, விஜயராணி, மூத்த மகன் புவனேந்திரன், நான் ஆகிய நால்வர் போயிருந்தோம். யார் பெயருக்கு என்று அங்கிருந்த எழுத்தர் கேட்டார்.

விஜயராணிக்கு வயது இருபத்தொன்று. தன் அடையாள அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து மடியில் தயாராக வைத்திருந்தாள். புவனேந்திரனுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். அவன் அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். மகள் கல்யாணமாகிப் போகிறவள், மகன் பெயரில் போடுவதுதான் முறை என்றார் பிச்சைமுத்து. அது சரி என்று நானும் சொன்னேன். புவனேந்திரன் மோட்டார் சைக்கிளில் மெர்லிமாவுக்குப் போய்த் தன் அட்டையை எடுத்துவரும்வரை முக்கால் மணி நேரத்துக்குமேல் காத்திருந்தோம். அதற்குள் விஜயராணி தன்னுடையதைக் கைப்பைக்குள் திரும்ப வைத்துவிட்டாள்.

வீடு எழும்ப இரண்டாண்டு பிடித்தது. இரண்டு அறை, ஒரு கூடம், தகரக் கூரை. வீட்டில் எல்லோரும் அதைப் பங்களா என்றே அழைத்தார்கள். செர்காமின் கடல் படத்தில் காணும் கடல் அன்று. கரை சேறு, ஓரம் கண்டல் மரம். குளிக்க இறங்கினால் முழங்கால்வரை புதையும். பிச்சைமுத்துவுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை பிள்ளைகளும் பின்னர் பேரப்பிள்ளைகளும் அங்கே கூட வேண்டும். வந்தவர் யாரும் மூன்று நாளைக்கு எந்த வேலையும் செய்யக்கூடாது. இது அவர் வகுத்த விதி. சமையலும் வேலையில் சேர்ந்தது என்பதால் பகலுணவைச் சுட்ட மீன் கடைகளில் வாங்குவார்கள். மீனம்மா மட்டும் கணவர் தூங்கும் நேரம் பார்த்து ரசம் வைத்துவிடுவார்.

உப்புக்காற்றில் தகரம் ஆண்டுதோறும் துருப்பிடிக்கும். தீபாவளிக்கு முன்பு ஏணி வைத்து ஏறி அதைச் சுரண்டிச் சாயம் பூசியவள் விஜயராணி. திருமணத்துக்குப் பின்னும் புக்கிட் காட்டிலிலிருந்து வந்து பூசினாள். இளையவன் கோகுலராஜ் தூண்டில் போடுவான். புவனேந்திரன் பெரும்பாலும் கைப்பேசியில் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பான். மலாக்கா நகரில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழில் அவனுக்கு. அவனைச் சோம்பேறி என்றோ தீயவன் என்றோ நான் எழுதினால் அது பொய்யாகும். கடின உழைப்பாளி.

மீனம்மா 2019இல் காலமானார். அவருடைய அட்டை கடைசிவரை சிவப்பு.

நீல அட்டை கிடைத்த பிறகு பிச்சைமுத்து மூத்த மகனிடம் பேசினார். பார்க்கலாம் என்றான் அவன். ஆறு மாதம் கழித்துக் கேட்டார். வழக்கறிஞரைப் பார்க்க நேரமில்லை என்றான். பிறகு அவனாகவே ஒருநாள் வந்து, வீடு பழசாகிவிட்டது, முதலில் சரிசெய்வோம், பிறகு பத்திரத்தைப் பார்ப்போம் என்றான். பிச்சைமுத்துவுக்குப் பெரும் மகிழ்ச்சி. புதுக் கூரை வந்தது. இரண்டு அறையிலும் குளிர்சாதனம் வந்தது. குளியலறையில் வெந்நீர்க் குழாய் வந்தது. வாசலுக்குச் சிமெண்டுத் தளத்தைப் பிச்சைமுத்துவே போட்டார். பிள்ளைகளுக்குக் கைமாற்றிக் கொடுக்க வீடு தயாராகிறது என்று அவர் நம்பினார். எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார். மூன்று குடும்பத்துக்கும் எந்தெந்த விடுமுறை, யார் எந்த அறை, கூரைச் செலவு யாருடையது என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நான் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கீழே மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தோம்.

அந்தத் தாளில் கையெழுத்து வாங்குவதற்காக 2023 டிசம்பர் விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை எல்லோரையும் செர்காமுக்கு வரச் சொன்னார். புவனேந்திரன் மட்டும் இந்த முறையும் வேண்டாம், வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தான். சாயம் காயாவிட்டால் என்ன, கூடத்தில் படுத்துக்கொள்வோம் என்று பிச்சைமுத்து சொல்லிவிட்டார். முற்பகலிலேயே அரிசி, பருப்பு, இரண்டு பாய், தாள் இருந்த உறை எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்.

வாசலில் சிலாங்கூர் எண்பலகை மாட்டிய கார்கள் இரண்டு நின்றன. கதவில் பூட்டு இருந்த இடத்தில் எண் அழுத்தித் திறக்கும் சிறு பெட்டி இருந்தது. ஒரு மலாய்க் குடும்பம் உள்ளே இருந்தது. வீட்டம்மா வெளியே வந்து, வயதில் மூத்தவரை அழைப்பதுபோல் மரியாதையாக 'பக்சிக்' என்று அழைத்து, நீங்கள்தான் இந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரா என்று கேட்டார். பிச்சைமுத்து ஆமாம் என்றார். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சூடாகவில்லை என்றார் அந்த அம்மா. உள்ளே போய்ச் சரிசெய்துகொடுத்தார். வெளியே வரும்போது குப்பைப் பையை அவர் கையில் கொடுத்து, ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் பின்னர் அவரே என்னிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்து வெள்ளியைச் சொல்லும்போது மட்டும் சற்று நிறுத்தினார்.

அதன்பின் அவர் செய்தது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. பங்களாவுக்குத் திரும்பும் முச்சந்தியில் வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றார். கோகுலராஜின் காரை நிறுத்தினார். பிறகு விஜயராணியின் காரை நிறுத்தினார். பங்களாவில் தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரையும் திருப்பி அனுப்பினார். மகனுடைய காரியத்தை மற்ற பிள்ளைகளிடமிருந்து மறைப்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

மறைக்க முடிந்தது ஒருநாள்தான். விஜயராணியின் மகள் திவ்யதர்ஷினி கைப்பேசியில் வேறெங்காவது தங்குமிடம் கிடைக்குமா என்று தேடியபோது, செர்காமில் கடலோரப் பங்களா என்ற விளம்பரமும் அதில் தன் பாட்டனார் வீட்டின் பன்னிரண்டு படங்களும் வந்தன. அந்த மாதத்தில் ஒரு நாள்கூடக் காலியில்லை என்று போட்டிருந்தது. விருந்தினர் எழுதிய பாராட்டுகள் ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே தொடங்கியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை மெர்லிமாவில் பிச்சைமுத்துவின் வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளும் கூடினார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் எழுதிய தாள் மேசைமேல் இருந்தது. எவரும் அதைத் தொடவில்லை.

புவனேந்திரன் எதையும் மறுக்கவில்லை. ஆண்டில் இருபது நாள் மட்டும் பயன்படுகிற வீட்டை மற்ற நாள்களில் பூட்டிவைப்பது முட்டாள்தனம் என்றான். மூன்று பெயரில் எழுதினால் நாளைக்கு ஓர் ஆணி அடிக்கவும் மூன்று கையெழுத்து வேண்டும் என்றான். காலியாக இருக்கும் நாளில் அக்காவும் தம்பியும் தாராளமாக வந்து தங்கலாம், ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும் என்றான். கோகுலராஜ் அதற்குத் தலையாட்டினான்.

பெயருக்கென்று போட்டதைத் திருப்பிக் கொடு, அவ்வளவுதானே கேட்கிறேன் என்றார் பிச்சைமுத்து. அப்போதுதான் புவனேந்திரன் குரல் உயர்ந்தது.

"பேருக்குன்னு நீங்க சொல்லுவீங்கப்பா. எனக்குக் கல்யாணமாகி வீடு வாங்கப் போனப்ப, முதல் வீடு வாங்குறவங்களுக்குள்ள சலுகை இல்லன்னுட்டான் பேங்க்ல, தெரியுமா? உனக்குத்தான் செர்காம்ல சொத்து இருக்கேன்னான். ஒங்க பங்களா என் தலையில இருந்துச்சு. பதினோரு வருசம் வாடகை வீட்ல இருந்தேன். ஒரு நாள் நீங்க கேட்டீங்களா?"

பிச்சைமுத்துவுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. பிறகு அவர் மகளைப் பார்த்து, அன்றைக்கு வேறு வழியில்லாமல்தானே அப்படிச் செய்தோம், நீயாவது தம்பிக்கு எடுத்துச் சொல்லு என்றார்.

விஜயராணி தாளைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வேற வழி இருந்துச்சுப்பா. நான் ஒங்க பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். ஐ.சி.ய மடியில வச்சிக்கிட்டு."

"அதான் அவன் பேர்ல இருந்தாலும் எல்லாருக்கும்னு..."

"எல்லாருக்கும்னு நீங்க நெனச்சீங்க. அவன் நெனைக்கலயே. விடுங்க."

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சரி என்று அன்று ஜாசினில் சொன்னவன் நான் என்பதை அவள் குறிப்பிடவில்லை. அவள் குறிப்பிட்டிருக்கலாம்.

போகும்முன் புவனேந்திரன் தந்தையிடம் ஒன்று சொன்னான். விருந்தினர் போனதும் துடைத்துத் துவைத்து வைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. வெளியாளை வைத்தால் பொருள்கள் காணாமற்போகின்றன. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டோடு இருந்த மாதிரியும் இருக்கும், பத்திரத்தைப் பிறகு பொறுமையாகப் பார்ப்போம் என்றான். நல்ல எண்ணத்தோடு சொன்னானா என்பதை என்னால் முடிவு செய்ய இயலவில்லை. தந்தைக்குக் கூலி கொடுப்பதாகவும் சொன்னான். கூலி வேண்டாம் என்றார் பிச்சைமுத்து. வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை.

விஜயராணி அதைக் கவனித்தாள். காரில் ஏறும்போது என் காதில் விழும்படியே தந்தையிடம் பேசினாள். பங்களாவை மறந்துவிடுங்கள், என்னோடு புக்கிட் காட்டிலுக்கு வந்துவிடுங்கள், பின்னறை காலியாகத்தான் இருக்கிறது என்றாள். வேலைக்காரனாகத்தான் அந்த வீட்டுக்குள் போகப்போகிறீர்கள் என்றால் என் வீட்டுக்கு வரவேண்டாம், நானும் இங்கே வரமாட்டேன் என்றாள். அவள் அழவில்லை. சொன்ன சொல்லைக் காப்பவள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிச்சைமுத்துவுக்கு முடிவெடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஜனவரி இரண்டாம் தேதி செர்காமுக்குப் போனார்.

மகளிடமே போகும்படி நான் இருமுறை தொலைபேசியில் சொன்னேன். அவர் சொன்ன காரணம் எளியது. அவர் விலகிவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவான். பிறகு அந்த வீட்டுக்கும் தம் குடும்பத்துக்கும் ஒட்டு இல்லாமல் போய்விடும். அவர் உள்ளே இருந்தால் என்றாவது ஒருநாள் மகன் மனம் மாறும். மூன்று பெயரும் ஏறும். அப்போது ராணியும் வருவாள். கணக்கு அப்படி. அதில் ராணியின் ஒன்பது நாளைய காத்திருப்பு எந்தப் பத்தியிலும் இல்லை.

2024ஆம் ஆண்டு தீபாவளி அன்று அவரைப் பார்க்க முறுக்குப் பொட்டலத்தோடு மெர்லிமாவுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜெயா, தாத்தா விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார், தொடர் விடுமுறை என்பதால் பங்களாவுக்கு ஆள் மாறி மாறி வருகிறார்களாம் என்றாள். நான் செர்காமுக்குப் போனேன்.

பிச்சைமுத்து கொடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எட்டு விரிப்புகள். காலையில் ஒரு கூட்டம் போயிருந்தது. புதுச்சட்டை போட்டிருந்தார்; முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. கூடத்துச் சுவரில் விருந்தினருக்கான விதிகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒட்டப்பட்டிருந்தன. வாசற்படியில் உட்கார்ந்து முறுக்கைத் தின்றோம். கோகுலராஜ் காலையில் குடும்பத்தோடு வந்து காலில் விழுந்துவிட்டுப் போனானாம். புவனேந்திரன் மாலையில் வருவானாம்.

"ராணி?"

"போன் எடுக்கல."

பிறகு, தமக்குக் கூலி வேண்டாம் என்று சொன்னதற்குப் பதிலாக ஆண்டில் இரண்டு நாள் ராணி குடும்பத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி மகனைக் கேட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னார். அதைப் பேத்தி மூலம் சொல்லி அனுப்பினாராம். பேத்தி, அம்மாவிடம் சொல்லிவிட்டேன் தாத்தா என்று மட்டும் பதில் எழுதியிருந்தாள்.

பத்திரத்தைப் பற்றி மகனிடம் பேசினீர்களா என்று கேட்டேன்.

"கேக்கல ஐயா. கேட்டா கதவு நம்பர மாத்திருவான்."

பட்டா எவர் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் பிறகு அவருடைய மனைவி மக்களுக்கே அது போகும் என்பது அவருக்கும் தெரியும். முப்பது ஆண்டு அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். அதை இன்னொரு முறை படித்துக்காட்ட எனக்கு விருப்பமில்லை. நாங்கள் எழுதிய அந்தத் தாளை என்ன செய்தீர்கள் என்று கேட்க வந்து, அதையும் கேட்கவில்லை.

இரண்டே கால் ஆயிற்று. அவர் எழுந்து விரிப்புகளைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்தவற்றை மடித்தார். உள்ளே போய்க் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு வந்தார். ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் மூன்று மணிக்கு வருகிறது என்றார்.

"நம்மாளுங்கதான். தீபாவளிக்கு வர்றாங்க." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா தப்பா நெனைக்கக் கூடாது. வர்றவங்க வந்து பாக்கறப்ப வாசல்ல வேற ஆளுங்க ஒக்காந்திருந்தா, அதையும் போன்ல எழுதிப் போட்டுருவாங்க. போன தடவ ஒருத்தன் அப்படித்தான் எழுதிட்டான்."

நான் எழுந்துகொண்டேன். நான் உட்கார்ந்திருந்த படியில் சிதறியிருந்த முறுக்குத் தூளை அவர் ஈரத்துணியால் துடைத்தார்.